கடைத்தெரு சிவப்பாகத் தெரிந்த நாள்

மாலை நாலு மணி இருபது நிமிடம். மடிக்கணினித் திரையில் முதலில் தெரிந்தது மலை. இடதுபக்க மூலையில், தனியாக, பச்சை நிறத்தில். அதன் பிறகு மேலிருந்து கீழாகச் சாயம் வழிவதுபோல ஊர் வந்தது. சிவப்பாக வந்தது.

கணினி செஞ்சிக் கடைத்தெருவில், என் அண்ணனின் பாத்திரக்கடையில், கல்லாமேசை மேல் இருந்தது. அதன் முன்னால் நாங்கள் நாலு பேர் நின்றோம். அண்ணன் ஏகாம்பரம், அண்ணி சரோஜா, அவர்களுடைய ஒரே மகள் தேன்மொழி, நான். கடை வாசலில் ஒரு பெண் எவர்சில்வர் தூக்கு ஒன்றை விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சேப்புன்னா இன்னா?" என்றார் அண்ணன்.

"எறங்குதுன்னு அர்த்தம், நைனா."

"எது எறங்குது?"

தேன்மொழி திரையில் சுட்டியை நகர்த்தினாள். பஸ் நிலையம், திண்டிவனம் ரோடு, பிறகு கடைத்தெரு. "நாம நிக்கற எடம்" என்றாள்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு இது எதுவும் கேட்டிருக்காது. "அண்ணே, வெலயில கொஞ்சம் எறங்குங்கண்ணே" என்றாள்.

இதற்கு அண்ணனிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. 'மலயே எறங்கி வந்தாலும் நம்ம கடயில வெல எறங்காதும்மா' என்பார். கேட்டவரும் சிரிப்பார், இவரும் சிரிப்பார், பிறகு கொஞ்சம் இறங்குவார். அன்று அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்ட விலைக்கே தூக்கைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்தின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: கடையை வைத்துக்கொள்வதா, விற்பதா. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அண்ணன் முடிவு செய்தார்.

அண்டாக்களுக்குப் பின்னால்

கீழே கடை, மேலே வீடு. எங்கள் அப்பா வாங்கிய கட்டடம். நான் பத்திரிகை வேலைக்கென்று ஊரை விட்டுப் போனபோது அண்ணன் கடையில் உட்கார்ந்தார். நான் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி மட்டும் மாறியிருந்தது.

பின்சுவரில் பெரிய அண்டாக்களைக் கொக்கியில் மாட்டியிருப்பார்கள். கல்யாணச் சீருக்கு யாராவது கேட்டால்தான் இறக்குவார்கள். தீபாவளி மழை ஓய்ந்து, முகூர்த்த வியாபாரம் தொடங்கிய ஒரு நாள் அண்டாவை இறக்கினபோது, பின்னால் சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. உத்தரத்தில் தொடங்கிக் கோணலாகத் தரை வரைக்கும் வந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசை உள்ளே செருகலாம். அண்ணன் செருகிப் பார்த்தார்.

"கத்திரி வெயில்ல இதே அண்டாவ நான்தான் மாட்டனேன். அப்ப செவுரு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பக்கத்துக் கடை டைல்ஸ் கடை. அதன் முதலாளி அண்ணனின் இடத்தையும் சேர்த்து ஒரே பெரிய ஷோரூமாகக் கட்டவேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர். வெடிப்பு விட்டதைக் கேள்விப்பட்டு அவரும் வந்து பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

பேச்சு மற்றவர்களிடமிருந்து வந்தது. கடைத்தெருவில் கடைக்கு ஒரு போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள், அடியில் மண் பொக்கையாகிவிட்டது, ஊரே உள்ளே போகிறது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். மறுநாள் அதையே அண்ணனிடம் மூன்று பேர் வந்து சொன்னார்கள்.

அண்ணனுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதற்கு யோசிப்பார். இருந்தாலும் விற்க மனமில்லை. "எடம் நிக்குதுன்னா நானும் நிப்பன். எடமே போவுதுன்னா எனக்கு இங்க இன்னா வேல?" என்றார். இதை அவர் சொன்னது தேன்மொழியைப் பார்த்து. அப்போது அவள் கையில் ஒரு பயிற்சி இருந்தது.

இரண்டு பதிப்புகள்

தேன்மொழி நிலவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தாள். காத்திருந்த மாதங்களில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பயிற்சியில் சேர்ந்திருந்தாள். செயற்கைக்கோள் ரேடார் படங்களைக் கொண்டு தரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளக்கும் பயிற்சி. எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இரண்டாவது மாணவனாக உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டா எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் புரிந்தது இப்படி. பத்திரிகையில் வெளியூர்ப் பதிப்பு முதலில் அச்சாகும், நகரப் பதிப்பு பின்னால் அச்சாகும். ஒரே பக்கம், ஆனால் நடுவில் யாரோ ஒரு வரியை மாற்றியிருப்பார்கள். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மாறிய இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். நாங்கள் செய்தி மேசையில் அப்படித்தான் சரிபார்ப்போம்.

ரேடாரும் அதைத்தான் செய்கிறது. செயற்கைக்கோள் விடியற்காலையில் நம் ஊருக்கு மேலே கடக்கும்போது ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடியும் பதிவு செய்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தரை விரல் அகலம் நகர்ந்திருந்தாலும் அலை வந்து சேர்வதில் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்தை வண்ண வளையங்களாகக் காட்டுவார்கள்.

பயிற்சியில் கொடுத்த முதல் படம் எங்கேயோ ஒரு பாலைவனத்தில் வந்த நிலநடுக்கம். வளையத்துக்குள் வளையமாக நிறங்கள். காபி கொண்டுவந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"படிக்கிறன்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் கோலம் போட்டுக்கினு இருக்கறீங்களா?"

"இது பூமி நவுந்தது, அம்மா."

"நல்லாத்தான் நவுந்திருக்குது" என்றாள் அண்ணி.

எங்கள் ஊர்ப் படங்களை இறக்குவது அவ்வளவு லேசாக இல்லை. ஒரு படமே பல ஜிபி. மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் போனை வைத்தால்தான் சிக்னல். பாதி இறங்கும்போது கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. கணினி சூடேறி நின்றுவிடும். பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கணினியை வைத்தால் சூடு குறைகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அண்ணன். கடையிலிருந்து புதுத் தாம்பாளம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதை விற்கவில்லை.

செஞ்சியின் முதல் படம் வந்தபோது வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை. மிளகையும் உப்பையும் கலந்து கொட்டினதுபோல இருந்தது. எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து இரண்டு நாள் தேடினோம். தப்பில்லை. ஊரைச் சுற்றி நெல்லும் மணிலாக் கடலையும். பயிர் வளர்கிறது, அசைகிறது, அறுக்கிறார்கள், உழுகிறார்கள். முதல் முறை பார்த்த வயல் இரண்டாம் முறை அதே வயலாக இருப்பதில்லை. அதனால் ஒப்பிட முடியாது.

"பயிர் இருக்கற எடத்துல இந்தப் படத்துக்கு ஞாபகமே இருக்காது சித்தப்பா. பாறைக்கும் வீட்டுக்கும்தான் இருக்கும்" என்றாள் தேன்மொழி.

ஆகவே வயல்களையெல்லாம் வெள்ளையாக விட்டுவிடச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு கொடுத்தோம். மிஞ்சியது மலைகளும் ஊரும்.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆனால் அதுதான் உண்மை. பத்திரிகை வேலையில் கடைசிப் பல வருடங்கள் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. இங்கே ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பிழைச்செய்தி வரும். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று தீரும். தீர்ந்ததும் தேன்மொழி நாற்காலியோடு அரைவட்டம் சுற்றுவாள். கடையில் அண்ணன் கீழிருந்தபடியே "இன்னா, வந்துட்டுச்சா?" என்று கத்துவார். அவருக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அசையாத இடம்

இந்த வேலையில் ஒரு கட்டம் உண்டு. ரேடார் எதையும் தனியாக அளப்பதில்லை. படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, 'இது அசையவில்லை' என்று நாம் சொல்லவேண்டும். மற்ற எல்லா இடமும் அதை வைத்துத்தான் ஏறியது அல்லது இறங்கியது என்று கணக்காகும். அதை ஆதாரப் புள்ளி என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம்.

படம் சிவப்பாக வந்த அன்று மதியம் கணினியைக் கடைக்கே கொண்டுவந்திருந்தோம். அண்ணன் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"நைனா, நம்ம ஊர்ல அசையவே அசையாத எடம் ஒண்ணு சொல்லு" என்றாள் தேன்மொழி.

அண்ணன் எழுந்திருக்கக்கூட இல்லை. தலையை மட்டும் வெளியே திருப்பினார். கடைத்தெருவில் எங்கே நின்றாலும், கட்டடங்களுக்கு இடையில் எங்கேயாவது ராஜகிரிக் கோட்டைமலை தெரியும்.

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? மலதான்."

நான் ஆமாம் என்றேன். அண்ணி ஆமாம் என்றாள். தேன்மொழியும் அதைத்தான் நினைத்திருந்தாள். செஞ்சிக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வழி கேட்டால் மலைக்கு இந்தாண்ட, மலைக்கு அந்தாண்ட என்றுதான் சொல்வார்கள். மழை வருமா என்று தெரிய உச்சியைத்தான் பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, தூக்கத்தில் விழித்தவர் முதலில் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். கோட்டை கட்டியவர்கள் போனார்கள், பிடித்தவர்கள் போனார்கள், மலை இருக்கிறது. வேறொரு ஊரில் இருக்கும் ஒருவர் பஸ் நிலையத்தையோ, ஒரு பள்ளிக்கூடத்தையோ காட்டியிருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவில்லை.

தேன்மொழி உச்சியில், மொட்டைப் பாறையாகத் தெரிந்த ஓர் இடத்தைத் தொட்டாள்.

எந்த இரண்டு நாள்களை ஒப்பிடுவது என்பதிலும் சந்தேகம் வரவில்லை. வெடிப்பு விழுவதற்கு முன்னால் ஒன்று, விழுந்த பிறகு ஒன்று. கத்திரி வெயில் நாள் ஒன்றையும் தீபாவளி மழைக்குப் பிந்திய நாள் ஒன்றையும் எடுத்தோம்.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு வந்தது அந்தப் படம்தான்.

ஒரே ஒரு படத்தை நம்பக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் நம்பவில்லை. முந்தைய வருடத்தில் அதே கத்திரியையும் அதே ஐப்பசியையும் எடுத்துப் பார்த்தோம். அதற்கு முந்தைய வருடத்திலும் பார்த்தோம். எல்லாவற்றிலும் மலை பச்சை, ஊர் சிவப்பு.

பிளாஸ்டிக் போட்ட படம்

தேன்மொழி படத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். இது முதல் முயற்சி, காற்றின் ஈரப்பதத்தால் பிழை இருக்கலாம், மேலும் சரிபார்க்கவேண்டும் என்று. பாடத்தில் அப்படி எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினாள்.

அண்ணன் படத்தை வண்ணத்தில் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் முக்கியமான காகிதம் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் போட்டுவிடுவார்கள். ரேஷன் கார்டு, பட்டா நகல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், செத்துப்போனவரின் போட்டோ. பிளாஸ்டிக் போட்டுவிட்டால் பிறகு அதில் யாரும் பேனாவை வைக்க முடியாது. வெட்டிச் சரிசெய்தபோது ஓரம் அழகாக வரவில்லை என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கீழே இருந்த சின்ன எழுத்தை வெட்டிவிட்டிருந்தார்.

அதைக் கல்லாவுக்குப் பின்னால், காலண்டர் பக்கத்தில் மாட்டினார் அண்ணன்.

இங்கே ஒரு பழைய கதை. நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்காலம். தெருவே வெள்ளத்தில் மூழ்கினது போன்ற ஒரு படம் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்துக்கு வைத்தோம். பிறகு தலைமை உதவி ஆசிரியர் வெட்டாத படத்தைக் கேட்டார். அதில் தண்ணீர் தேங்கியிருந்தது சாலையில் இருந்த ஒரு பள்ளத்தில் மட்டும். இரண்டு பக்கமும் உலர்ந்த தெரு. ஒருவர் சைக்கிளில் பேப்பர் படித்துக்கொண்டு போகிறார். அதிலிருந்து, எந்தப் படம் வந்தாலும் ஓரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்பது எங்கள் மேசையில் வழக்கமாகியது. பல வருடங்கள் நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

கடைத்தெருவின் படத்தைப் பார்க்க ஆள்கள் வந்தார்கள். மளிகைக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், வெற்றிலை மண்டிக்காரர். ஒவ்வொருவரும் தங்கள் கடை எங்கே இருக்கிறது என்று தேடி, விரலை வைத்துப் பார்த்தார்கள்.

"என்னுது கொஞ்சம் வெளுத்த சேப்பு. உன்னுதுதான் நல்ல சேப்பு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சாட்டிலைட்டே சொல்லிடுச்சு, இனிமே யாரு சொல்லணும்?" என்றார் இன்னொருவர்.

யாரும் கடையைக் காலி செய்யவில்லை. அவர்கள் சுவரில் வெடிப்பு இல்லை. அண்ணனின் சுவரில் இருந்தது.

தை பிறந்ததும் அவர் டைல்ஸ் கடை முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். படத்தைக் காட்டினார். ஒளித்து விற்றதாக நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

டைல்ஸ் கடைக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் எப்படியும் இடிச்சுட்டுத் தூண் போட்டுத்தான் கட்டப் போறன், அண்ணே. ஆழமாப் போட்டுக்கறன்" என்றார்.

பத்திரம் பதிவான அன்று அண்ணன் கடைசி முறையாகக் கடையைத் திறந்தார். மிச்சமிருந்த சரக்கைத் திண்டிவனத்திலிருந்து ஒரு வியாபாரி லாரி கொண்டுவந்து ஏற்றினார். அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. கவிழ்த்துப் போட்டிருந்த தாம்பாளத்தையும் ஏற்றப் பார்த்தார்கள். அண்ணன் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

வல்லம்

அண்ணிக்குப் பிறந்த ஊர் பக்கத்தில் இருக்கும் வல்லம். அவள் பங்குக்கு அங்கே ஒரு மனை இருந்தது. அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். அதுவரை வல்லத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு எடுத்தார்கள்.

"எங்கம்மா வூட்டுப் பக்கமும் ஒரு தடவ பாத்துடுடி. கட்டனப்புறம் அதுவும் எறங்குதுன்னா எங்க போறது?" என்றாள் அண்ணி.

நியாயமான பேச்சு. படங்கள் ஏற்கெனவே இருந்தன. செஞ்சியை மட்டும் வெட்டி எடுத்திருந்தோம். தேன்மொழி வெட்டாத படத்தைத் திறந்து, எல்லையைப் பெரிதாக்கி மறுபடி ஓடவிட்டாள். மலை உச்சியில் அதே ஆதாரப் புள்ளி.

வல்லம் சிவப்பாக வந்தது. செஞ்சி எவ்வளவு சிவப்போ அவ்வளவு சிவப்பு.

அவள் எல்லையை இன்னும் பெரிதாக்கினாள். சீயமங்கலம் வந்தது. ஊர் சிவப்பு, பக்கத்துக் குன்று பச்சை. தெற்கே பனமலை வந்தது. கோவில் இருக்கும் குன்று பச்சை, ஏரிக்கரையில் இருக்கும் வீடுகள் சிவப்பு. நடுவில் வயல்கள் எல்லாம் வெள்ளை.

சுற்றுவட்டாரத்தில் வீடு இருக்கும் இடமெல்லாம் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தது. பாறை இருக்கும் இடமெல்லாம் நின்றிருந்தது.

"இப்படி இருக்க முடியாது, சித்தப்பா" என்றாள்.

பயிற்சியில் சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு பக்கம் உண்டு. படங்களை அங்கே போட்டாள். மறுநாள் யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ தெரியாது, இரண்டே வரியில் கேட்டிருந்தார். ஆதாரப் புள்ளி ஏன் மலை உச்சியில் இருக்கிறது? முதல் படம் ஏன் கோடையிலும் இரண்டாவது படம் ஏன் மழைக்காலத்திலும் இருக்கின்றன?

விஷயம் இதுதான். ரேடார் அலை ஈரக் காற்றுக்குள் புகுந்து வரும்போது சற்றுத் தாமதமாகும். கணினிக்குத் தாமதம் என்றால் தூரம். தாமதமாக வந்தால் தரை தள்ளிப் போய்விட்டது, அதாவது இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் தரையை ஒட்டித்தான் அடர்த்தியாக இருக்கும். மலை உச்சிக்கு வந்துபோகும் அலை அந்த அடர்ந்த அடுக்கைத் தாண்டவேண்டியதில்லை. ஊருக்கு வந்துபோகும் அலை தாண்டவேண்டும். உச்சி அசையவில்லை என்று நாம் சொல்லிவிட்டோம். ஆகவே கீழே இருக்கும் எல்லாம் இறங்கியது.

மழையிலிருந்து அடுத்த வெயிலுக்கு ஒரு ஜோடி போட்டிருந்தால் ஊர் மொத்தமும் மறுபடி ஏறியிருக்கும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் வெயிலிலிருந்து மழைக்குத்தான் பார்த்தோம். வெடிப்பு விட்டது அந்த இடைவெளியில்தான்.

தேன்மொழி ஆதாரப் புள்ளியைத் தரைமட்டத்துக்கு, பஸ் நிலையத்துக்கு மாற்றினாள். வெயில்காலத்தையும் அடுத்தடுத்த வெயில்காலங்களையும் மட்டும் ஒப்பிட்டாள். அதற்கு ஒரு வாரம் பிடித்தது. வந்த படத்தில் கடைத்தெருவுக்கும் மற்ற இடங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஊர் முழுக்க ஒரே மங்கலான பச்சை.

அண்ணனிடம் சொன்னது

சொல்லவேண்டாம் என்று நான் சொன்னேன். விற்றாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். தேன்மொழி கேட்கவில்லை. "எறங்குதுன்னு நான்தான் சொன்னன். எறங்கலன்னும் நான்தான் சொல்லணும்" என்றாள்.

வல்லத்து வாடகை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அவள் நேராகச் சொன்னாள். அண்ணன் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார்.

"அப்ப எறங்கலயா?"

"எறங்கல, நைனா."

"கொஞ்சங்கூட?"

"அந்த மெஷினுக்குத் தெரியற அளவுக்கு இல்ல."

"செவுருல வுட்டிருந்த வெடிப்பு?"

"அது செவுரோட விஷயம். அவ்ளோ ஒசரத்துலருந்து ஒரு செவுத்த பாக்க முடியாது, நைனா."

அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டார். "செவுத்த பாக்கறதுக்கு ஆள் கூப்டிருக்கலாம்" என்றார்.

"மாடியில அந்த மூலைல டேங்க வெக்காதீங்கன்னு நான் அப்பவே தலப்பாடா அடிச்சுக்கனன்" என்றாள் அண்ணி. "அப்பனும் பொண்ணும் சித்தப்பனும் ஆகாசத்தப் பாத்துக்கினு இருந்தீங்க."

டேங்க்தான் காரணமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கட்டட இன்ஜினியர் ஒருவரும் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை.

தேன்மொழி அழுதாள். அண்ணன் இடது கையால் அவள் தலையைத் தள்ளினார். "எதுக்கு இப்ப? மலயக் காட்டனது யாரு? நான்தான?" என்றார். பிறகு, "கண்ணத் தொடச்சுக்கினு சாப்டு. ஆறிப்போவுது."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவர், புதுப் படத்தைக் காட்டச் சொன்னார். தேன்மொழி கணினியைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தப் பச்சையில் எதுவும் தனியாகத் தெரியவில்லை. பஸ் நிலையத்தில் விரலை வைத்து, ரோடு வழியாக நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இதான?"

"அதான், நைனா."

"நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வீடு கட்டும் வேலையும் தொடங்கவில்லை. கேட்டால், வெயில் போகட்டும் என்பார். மழை வந்தால், மழை போகட்டும் என்பார். காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். வல்லத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், எத்தனை பேருக்கு எத்தனை படி அண்டா வேண்டும் என்று அவரிடம் கேட்டுப் போகிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் பழைய குரலாக இருக்கிறது.

தேன்மொழிக்கு வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. இதே வேலைதான் செய்கிறாள். இப்போது அவளுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆதாரப் புள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது எங்கள் ஊர்ப் படத்தைக் காட்டுவாளாம். ஊர்ப் பெயரைச் சொல்வதில்லையாம்.

அந்த மென்பொருள் இப்போதும் என் கணினியில் இருக்கிறது. திறப்பதில்லை.

தூண்கள்

இந்த வருடம் டைல்ஸ் கடைக்காரர் அண்ணனின் கட்டடத்தை இடித்தார். செஞ்சியிலேயே தங்கிவிட்ட நான் அந்த வழியாகத்தான் தினமும் பேப்பர் வாங்கப் போகிறேன். சொன்னபடி தூண்களை ஆழமாகப் போடுவதற்கு ஜேசிபி வைத்துக் குழி தோண்டினார்கள். முதல் குழியில் இடுப்பளவு ஆழத்தில் பாறை வந்தது. மற்றக் குழிகளிலும் அதே ஆழத்தில் வந்தது. உடைக்க ஒரு மெஷினைக் கொண்டுவந்தார்கள். மெஷினின் உளி தேய்ந்தது. கடைசியில் அந்தப் பாறை மேலேயே துளை போட்டுக் கம்பி இறக்கி, தூண்களை எழுப்பியிருக்கிறார்கள்.